கொடி அறிதலும் கொடி வரைதலும்

ஒரு முழத் துணி காற்றில் அசைகின்றது. அதனைக் கண்டதும் ஒருவர் நெஞ்சம் நிமிர்கின்றது. மற்றொருவர் நெஞ்சம் நடுங்குகின்றது. மூன்றாமவருக்கோ அஃது யாருடையது என்றே விளங்குவதில்லை. இம்மூவருள் முதலிருவரைப் பற்றி வரலாற்று நூல்கள் நிரம்பப் பேசியுள்ளன. மூன்றாமவரைப் பற்றி நாம் ஈண்டுப் பேச விழைகின்றோம். அறியாத கொடியை இன்னாருடையது என ஆய்ந்தறிவதையும், இல்லாத கொடியொன்றைப் புதிதாக வரைந்து பார்ப்பதையும் ஓய்வுநேரக் கலையாகக் கொண்டோர் உலகெங்கும் உளர். சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும் இக்கலை நம்மனோர்க்கு எத்துணை இன்றியமையாதது என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

கொல்லிமலை கற்பிக்கும் பாடம்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் திருப்புலி நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என ‘நாடு’ என்னும் பெயர் தாங்கிய ஊராட்சிகள் பல உள. திருப்புலி நாடு என்ற பெயரைக் கேட்டதும் சோழரின் புலிக்கொடி நினைவுக்கு வருதல் இயல்பே. மலைமேலுள்ள அறப்பளீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. ஆயினும் பெயரில் புலி இருக்கின்றது என்பதனாலேயே அந்நாடு புலிக்கொடியால் பெயர்பெற்றது என முடிவுகட்டுதல் ஆராய்ச்சியாகாது. ஒப்புமை ஐயத்தை எழுப்பலாம், தீர்ப்பு வழங்கலாகாது.

இதே மலை இன்னுமொரு சான்றும் தருகின்றது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரி கொல்லியை ஆண்டவன். வில்லாற்றலால் ‘வல்வில் ஓரி’ எனப் புகழ்பெற்றவன். அவனை மலையமான் திருமுடிக்காரி போரில் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்தான் என்பது சங்க இலக்கியச் செய்தி. சேரனின் கொடியோ விற்கொடி! வில்லால் புகழ்பெற்றவனின் மலையில் வில் பொறித்த மற்றொருவன் கொடி ஏறிற்று. வில்லைக் கண்ட மாத்திரத்தில் “இஃது ஓரியின் சின்னம்” என்றுரைப்பவன், மலையை இழந்தவனையும் பெற்றவனையும் ஒருவனாக்கி விடுகின்றான். உருவம் ஒன்றாயிருக்க, உரியவர் வேறாயிருத்தல் கூடும். கொடி அறியும் கலையின் முதற்பாடம் இதுவே.

இரண்டாம் பாடத்தைச் சோழரின் செப்பேட்டு முத்திரைகள் புகட்டுகின்றன. அவற்றில் அமர்ந்த புலியுடன் பாண்டியரின் இணைக் கயலும் சேரரின் வில்லும் சேர்ந்தே காணப்படுகின்றன. மூன்று சின்னங்களும் ஒருங்கிருப்பதால் மூவேந்தரும் நட்புப் பூண்டனர் என்று கொள்ளலாமா? ஆகாது. மற்றிருவரையும் தன் குடைக்கீழ்க் கொணர்ந்ததாகச் சோழன் சாற்றும் சாற்று அது. ஆகவே ஒரு சின்னம் இடம்பெற்றுள்ளதா என்று கேட்டால் மட்டும் போதாது. எவ்விடத்தில், எந்நிலையில் இடம்பெற்றுள்ளது என்றும் கேட்டல் வேண்டும்.

ஒரு மாணவரின் பொழுதுபோக்கு

இக்கலைக்கு அறிவியற் பெயர் சூட்டியவர் ஓர் அமெரிக்க இளைஞர். 1940இல் பிறந்த விட்னி ஸ்மித், 1957இல், பதின்பருவத்தைக் கடக்குமுன்பே, கொடி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘வெக்ஸில்லாலஜி’ என்ற சொல்லை ஆக்கினார். கொடியியல் என நாம் தமிழில் கூறலாம். 1961இல் கொடிகளுக்கென்றே ஓர் இதழையும் தொடங்கினார். பிரிட்டிஷ் கயானா விடுதலை பெற்றால் அதன் கொடி யாதாயிருக்கும் என அந்நாட்டுத் தலைவர் செட்டி ஜகனுக்கு அவர் எழுதிக் கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என அறிந்ததும் தாமே ஒன்றை வரைந்தனுப்பினார். 1966இல் கயானா விடுதலை பெற்றபோது, சிற்சில திருத்தங்களுடன் பறந்தது அம்மாணவர் வரைந்த கொடியே. அறிதலில் தொடங்கிய ஆர்வம் ஆக்கத்தில் முடிந்தது.

கொடியை அறிவதற்கு அவர் போன்றோர் கையாளும் முறை எளிது. நிறம் எத்தனை, பட்டைகள் நெடுக்கா குறுக்கா, சின்னம் கம்பத்தை ஒட்டியுள்ளதா நடுவிலுள்ளதா, விண்மீனுக்கு முனைகள் எத்தனை, நீள அகல விகிதம் யாது என வரிசையாக வினவுவர். இந்தோனேசியாவின் கொடியும் மொனாக்கோவின் கொடியும் மேலே சிவப்பு, கீழே வெள்ளை என ஒன்றுபோலவே இருக்கும். முன்னதன் அகலமும் நீளமும் 2:3, பின்னதற்கோ 4:5. இவ்வளவே வேறுபாடு. பல கோடி முஸ்லிம்கள் வாழும் தீவுக்கூட்டத்தையும், ஐரோப்பியச் சிற்றரசையும் பிரித்துக் காட்டுவது ஓர் அளவுகோலே!

பிறையும் பச்சையும்

இனி நமக்கு நெருக்கமான செய்திக்கு வருவோம். பிறை தாங்கிய பச்சைக் கொடி எங்கே பறப்பினும் அது பாகிஸ்தான் கொடியே எனப் பதறுவோர் நம் நாட்டில் உளர். 2019ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலின்போது வயநாட்டில் பறந்த முஸ்லிம் லீக் கொடிகளைப் பாகிஸ்தான் கொடிகள் எனக் கூறும் படங்கள் சமூக ஊடகங்களில் பரப்பப்பட்டன. கொடியியல் அறிந்த பள்ளிச் சிறுவன் ஒருவன் இதனை ஒரு நொடியில் தீர்த்து வைத்திருப்பான். பாகிஸ்தான் கொடியில் கம்பத்தை ஒட்டி வெண்பட்டை ஒன்று உண்டு. பிறையும் விண்மீனும் பச்சைப் பரப்பின் நடுவே அமையும். இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் கொடியில் வெண்பட்டை இல்லை. பிறையும் விண்மீனும் கம்பத்தை ஒட்டிய மேல்மூலையில் அமையும். அக்கட்சியோ 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை ராஜாஜி மண்டபத்தில், காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் தலைமையில் உருவானது. இந்த மண்ணில் பிறந்த கொடியை அயல்நாட்டுக் கொடியென்பது, ஓரியின் வில்லையும் சேரனின் வில்லையும் ஒன்றாக்கிய அதே பிழை. ஆனால் இங்கே அப்பிழையின் சுமையைத் தாங்குவோர் உயிருள்ள மாந்தர். ஐயப்படப்படுவது அவர்தம் நாட்டுப்பற்று.

பிறை இஸ்லாத்தின் மூலச் சின்னமுமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கொடிகளைப் பற்றி ஹதீஸ் நூல்களில் காணப்படும் அறிவிப்புகள் கறுப்பு நிறத்தையும் வெள்ளை நிறத்தையும் குறிக்கின்றன, பிறையைக் குறிக்கவில்லை. இரு புனிதத் தலங்களையும் உடைய சவூதி அரேபியாவின் கொடியில் பிறை இல்லை. முஸ்லிம்கள் சிறுபான்மையினராக வாழும் சிங்கப்பூரின் கொடியில் பிறை உண்டு. வளர்ந்துவரும் இளம் நாடு என்பது அதற்கு அங்கே கூறப்படும் பொருள். இவ்வுண்மைகளை நாமும் அறிந்து பிறர்க்கும் அறிவித்தல் வேண்டும்.

வரைபவர்க்கு ஒரு வினா

கொடி வரையும் கலையிலும் நம் சமுதாயத்தார் பின்தங்கியிருந்தாரல்லர். 1949இல் மலாயாக் கூட்டமைப்பு கொடிப் போட்டியொன்றை நடத்திற்று. வந்து குவிந்த ஓவியங்கள் 373. இறுதியில் வென்றது ஜொகூர்ப் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய முஹம்மது ஹம்ஸா என்னும் இளைஞரின் ஓவியம். சில திருத்தங்களுக்குப் பின் 1950 மே 26ஆம் நாள் அக்கொடி ஏற்றப்பெற்றது. பதினொரு பட்டைகளும் பதினொரு முனை விண்மீனும் கொண்டிருந்த அது, 1963இல் மலேசியா உருவானபோது பதினான்காக வளர்ந்தது.

இலங்கையின் வரலாறு இதனினும் ஆழ்ந்த சிந்தனைக்குரியது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் குலத்தவன். 1815இல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, 1832இல் நம் வேலூரில் மாண்டவன். அவனது சிங்கக்கொடி இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு மறக்கப்பட்டது. நெடுங்காலத்திற்குப் பின் வழக்கறிஞர் ஈ. டபிள்யூ. பெரேரா அதனை இலண்டன் செல்சியில் கண்டறிந்தார். 1916இல் சிங்களக் கொடிகளைப் பற்றி நூலும் எழுதினார். கொடி அறிதல் ஒரு நாட்டின் வரலாற்றையே மாற்றிய நிகழ்ச்சி அது.

விடுதலை நெருங்கிய 1948 ஜனவரியில், அச்சிங்கக்கொடியை நாட்டின் கொடியாக ஏற்கவேண்டும் என நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் சின்னலெப்பை என்னும் தமிழ் பேசும் முஸ்லிம். பின்னர் அமைந்த கொடிக்குழுவில் டி. பி. ஜாயாவும், ஜி. ஜி. பொன்னம்பலமும், எஸ். நடேசனும் இருந்தனர். முஸ்லிம்களுக்கெனப் பச்சைப் பட்டையும் தமிழர்க்கெனக் காவிப் பட்டையும் சேர்க்கப்பட்டன. நடேசன் உடன்படாது மாற்றுக்கருத்தைப் பதிவு செய்தார். 1951இல் கொடி ஏற்கப்பட்டது. அதனை உற்றுநோக்குவோர், அவ்விரு பட்டைகளும் சிங்கம் நிற்கும் பரப்பிற்கு வெளியே, தனிக்கட்டமாக நிற்பதைக் காண்பர். சோழ முத்திரையிடம் கேட்ட வினாவை இங்கும் கேட்கலாம்: இடம் உண்டு, எவ்விடம்?

இந்தியக் கொடியும் இவ்வினாவைச் சந்தித்ததே. 1921இல் பிங்கலி வெங்கையாவின் வரைவில் சிவப்பு இந்துக்களையும் பச்சை முஸ்லிம்களையும் குறித்தன. மற்றையோர்க்கென வெள்ளையைச் சேர்க்கச் சொன்னார் காந்தியடிகள். 1931இல் காங்கிரஸ் நிறங்களை மாற்றியமைத்து, அவற்றுக்குச் சமயப் பொருள் இல்லை, துணிவு, வாய்மை, நம்பிக்கை போன்ற பண்புகளே பொருள் என அறிவித்தது. 1947 ஜூலை 22ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை ஏற்ற மூவண்ணக் கொடி அதன் வழிவந்தது. சமூகங்களைப் பட்டைகளாகப் பிரித்து நிறுத்துவதினும், எல்லாரும் உரிமை பாராட்டும் பண்புகளைத் தீட்டுவது மேலானது என்பதே நம் கருத்து. ஒரே நிறத்துக்குள் எவரும் அடைபடார். எந்நிறமும் ஒருவர்க்கே உரித்தாகாது.

நம் மாணவர்கள் ஒரு குறிப்பேடும் வண்ணக்கோல்களும் எடுத்துக்கொள்ளட்டும். கண்ட கொடிகளை வரைந்து, உரியவர் யாரெனத் தேடட்டும். பின்னர்த் தம் ஊருக்கு ஒரு கொடி வரையட்டும். திருப்புலி நாட்டுச் சிறுவன் ஒருவன் தன் மலைக்குக் கொடி வரைந்தால், பெயருக்காகப் புலியைத் தீட்டுவானா? கொல்லிமலையின் மிளகுக் கொடியையும் பலாவையும் சாமைக் கதிரையும் தீட்டுவானா? எதை வரையினும், தன் மலையில் வாழ்வோர் எவரேனும் இதில் விடுபட்டனரா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வானாயின், அவன் வரைந்தது நல்ல கொடியே.