ஹொட்ஜ்கின் கண்டதும் 1.1 என்ற எண்ணும்

எங்கள் வெஸ்ட் ஈலிங்கிலிருந்து எலிசபெத் லைனில் போய் ஃபாரிங்டனில் ரயில் மாறினால், லண்டன் பிரிட்ஜ் வந்துவிடும். அங்கேதான் கைஸ் வைத்தியசாலை இருக்கிறது. அங்கு வேலை செய்த தோமஸ் ஹொட்ஜ்கின், நிணநீர்க் கணுக்கள் வீங்கி இறந்த ஏழு பேரைப் பற்றி 1832இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரும்பாலும் வெறுங்கண்ணால் பார்த்து எழுதியது அது. 1865இல், அதே வைத்தியசாலையைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ் அந்த நோய்க்கு ஹொட்ஜ்கினின் பெயரையே வைத்தார்.

1870களின் முடிவில் ஜெர்மனியில் போல் ஏர்லிக் இரத்தத்துக்குச் சாயமூட்டி, வெண்குழியங்களை வகை வகையாகப் பிரித்துக் காட்டினார். பிரிக்க முடிந்ததால், ஒவ்வொரு வகையையும் எண்ணவும் முடிந்தது.

அந்த எண்ணிக்கையால் என்ன பயன்? 1998இல், முற்றிய ஹொட்ஜ்கின் நோய் வந்த 5,141 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, நோயின் போக்கைக் கணிக்கும் ஏழு அறிகுறிகளைச் சொன்னார்கள். லிம்போசைற் குறைவாக இருப்பது அதில் ஒன்று. 2012இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் 476 பேரின் லிம்போசைற் எண்ணிக்கையை மொனோசைற் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தார்கள். விடை 1.1 அல்லது அதற்கு மேல் வந்தவர்கள், ஒரு குழுவாக, கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள்.

காரணம் இப்படி இருக்கலாம்: லிம்போசைற்றுகள் நோயை எதிர்ப்பவை. மொனோசைற்றுகளோ திசுவுக்குள் போய் வேறு கலங்களாக மாறும். அவற்றில் சில புற்றுக்கே துணைபோகின்றன.

இதற்குப் புது இயந்திரம் தேவையில்லை. ஒரு சிறு குழாய் இரத்தமும் வழக்கமான இரத்தப் பரிசோதனையும் போதும். லண்டனில் எடுக்கும் அதே பரிசோதனையைத் தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலையிலும் எடுக்கலாம்.

ஆனால் ஒன்று. அம்மம்மாவின் ரிப்போர்ட் என்எச்எஸ் ஆப்பில் வந்தால், வீட்டில் முதலில் வாசிப்பவர் பெரும்பாலும் நீங்கள்தான். கல்குலேற்றரை எடுத்து வகுத்துப் பார்க்க ஆசை வரும். ஒரு காய்ச்சலோ ஸ்டிரொய்ட் மருந்தோ போதும், அந்த விகிதத்தை மாற்றிவிட. ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொரு எல்லையை வைத்திருக்கிறது. இந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி வைத்தியர்களே சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை. 1.1 என்பது 476 பேரைப் பற்றிய கணக்கு; அம்மம்மா எத்தனை நாள் இருப்பார் என்று அது சொல்லாது. ஆகவே விடையை அவருக்குத் தமிழில் மொழிபெயர்க்க முன், கேள்வியாக எழுதி வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.