காவலனா, உரிமையாளனா? மிகிந்தலை மலையடியில் ஒரு கேள்வி

மணிமேகலைக் காவியத்தில் வரும் ஆபுத்திரன் கதையை மேல்வகுப்பு மாணவருக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வேள்விச் சாலையிலே பலிக்கென்று கட்டப்பட்டிருந்த பசுவை இரவோடிரவாக அவிழ்த்துக்கொண்டு போன சிறுவன் அவன். அந்தப் பகுதியைப் பேசி முடித்ததும் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். சுற்றாடல் தினப் போட்டிக்கென அவன் எழுதிய கட்டுரை கையில் இருந்தது.

“சேர், மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்குச் சொன்னதெண்டு ஒரு வசனம் எழுதியிருக்கிறன். இது மகாவம்சத்திலை எத்தினையாம் அதிகாரம்?”

அவன் காட்டிய வசனம் நம் எல்லோருக்கும் பழக்கமானதே. பொசன் காலப் பேச்சுக்களில் அதைக் கேட்டிருக்கிறோம்; பாடசாலைச் சுவர்களில் வாசித்திருக்கிறோம். ஆகாயத்துப் பறவைக்கும் காட்டு விலங்குக்கும் இந்த நாட்டில் அரசனுக்கு உள்ள அதே உரிமை உண்டு. நிலம் மக்களுக்கும் மற்றெல்லா உயிர்களுக்கும் உரியது. அரசன் அதன் காவலனேயன்றி உரிமையாளன் அல்லன் என்பதே அதன் சாரம். எத்தனையோ முறை மேற்கோள் காட்டியிருந்தும் அன்று அவனுக்கு என்னால் அதிகார எண் சொல்ல முடியவில்லை. “பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மகாவம்சத்தை எடுத்தேன். அந்தத் தேடலில் கண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மிகிந்தலைச் சந்திப்பு மகாவம்சத்தின் 14ஆம் அதிகாரத்தில் வருகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டு, பொசன் பூரணை நாள். தேவநம்பியதீசன் பெரும் பரிவாரத்தோடு வேட்டைக்குப் போகிறான். மலையில் உறையும் தேவன் மரை வடிவெடுத்து, புல் மேய்வதுபோல் அவன் முன் நிற்கிறான். அசட்டையாக நிற்கும் விலங்கின்மேல் அம்பெய்வது முறையன்று என்று எண்ணிய அரசன், வில்லின் நாணைத் தெறித்து ஒலி எழுப்புகிறான். மரை ஓடுகிறது. அதைத் துரத்திப்போன இடத்திலே மகிந்தர் நிற்கிறார்; அரசனைப் பட்டம் எதுவுமின்றி “தீசா” என்று பெயர் சொல்லி அழைக்கிறார். பின்னர் மாமரத்தைக் காட்டிக் கேள்விகள் கேட்டு அவனது அறிவைச் சோதிக்கிறார். அதன்பின் உபதேசம் நடக்கிறது.

அந்த உபதேசத்தில் ‘காவலன்’ என்ற வசனத்தைத் தேடினேன். அது அங்கே இல்லை. மகாவம்சம் தருவது வேறொன்று. மகிந்தர் அன்று போதித்தது ‘சூளஹத்திபதோபம சுத்தம்’ என்று அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. ‘யானை அடிச்சுவட்டு உவமை பற்றிய சிறிய சூத்திரம்’ என்பது இதன் பொருள். பாளித் திரிபிடகத்தில் மஜ்ஜிம நிகாயத்தின் 27ஆவது சூத்திரம் இதுவேயாகும்.

அதைத் தேடி வாசித்தபோது வியப்படைந்தேன். காட்டிலே பெரிய அடிச்சுவடு ஒன்றைக் கண்டவுடன் ‘இது பெரிய களிறு’ என்று தேர்ந்த வேடன் முடிவு கட்டமாட்டான். சுவட்டைத் தொடர்ந்து போய், முறிந்த கிளைகளைக் கண்டு, இறுதியில் யானையையே நேரிற் கண்ட பின்னரே நிச்சயம் கொள்வான் என்பது அதிலுள்ள உவமை. அதற்கு அப்பால் துறவியின் ஒழுக்கம் விரிகிறது. அவன் தடியையும் ஆயுதத்தையும் கீழே வைத்தவன். உயிர்க்கொலையை மட்டுமன்றி, வித்துக்கும் செடிகொடிக்கும் ஊறு செய்வதையும் விட்டவன். பறவை எங்கு பறந்தாலும் தன் சிறகை மட்டுமே சுமந்து செல்வதுபோல, ஆடையும் திருவோடும் போதுமென்று வாழ்பவன்.

மாணவன் கேட்ட வசனம் ஏட்டில் இல்லை. ஆனால், வில்லேந்தி வேட்டைக்கு வந்த அரசனுக்கு இந்நாட்டிலே சொல்லப்பட்ட முதற் பௌத்த உபதேசமாக மகாவம்சம் குறிப்பிடும் சூத்திரத்தில், விதையையும் செடியையும் காக்கும் ஒழுக்கம் இருக்கிறது. பிற்கால மக்கள் மரபு அதைச் சுருக்கி, அரசனுக்குப் புரியும் மொழியிலே ‘காவலன்’ என்ற சொல்லாக வடித்துக்கொண்டது என்று நான் கருதுகிறேன்.

அந்த ஒழுக்கம் வெறும் இரக்க உணர்வாக நின்றுவிடவில்லை. சங்கத்தில் அது சட்டமாகவே இருந்தது. பிக்குகளின் ஒழுக்க நூலாகிய விநயபிடகத்தில் நிலத்தைத் தோண்டுவதும் தோண்டுவிப்பதும் குற்றம்; செடிகொடிகளை அழிப்பது குற்றம்; உயிர்கள் உள்ள நீரென்று தெரிந்தும் அதைப் புல்லிலோ மண்ணிலோ ஊற்றுவது குற்றம். மழைக்கால வதிவாகிய ‘வஸ்’ தோன்றிய வரலாறும் இங்கு நோக்கத்தக்கது. பறவைகள்கூட மழைக்காலத்தில் மரத்தில் கூடு கட்டித் தங்குகின்றன. இந்தத் துறவிகளோ பச்சைப் பயிரை மிதித்துச் சிற்றுயிர்களைக் கொன்றவாறு அலைகிறார்களே என்று ஊர் மக்கள் குறைகூறினார்கள். அதைக் கேட்டே புத்தர் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும் விதியை வகுத்தார் என்கிறது விநயம். மக்களின் குறை நியாயமென்று கண்டு சங்கம் தன் நடையை மாற்றிக்கொண்டது என்பதே இதில் பெரிய செய்தி.

துறவிக்குச் சட்டம் சரி, நாட்டை ஆள்பவனுக்கு? இந்தக் கேள்விக்கு விடை, இலங்கை மரபு மகிந்தரின் தந்தையென்று கூறும் அசோகச் சக்கரவர்த்தியின் கல்லெழுத்துக்களிலே கிடைக்கிறது. அவ்வெழுத்துக்களை ஜேம்ஸ் பிரின்செப் 1837ஆம் ஆண்டளவில் வாசித்தறிந்தபோது, அவற்றிலுள்ள ‘பியதசி’ என்ற மன்னன் யாரென்று தெரியவில்லை. அவனே அசோகன் என்பதற்குரிய சான்றை இலங்கையின் பாளி வரலாற்று நூல்களிலிருந்து எடுத்துக் கொடுத்தவர், இங்கே குடியியற் சேவையில் இருந்த ஜோர்ஜ் டேர்னர். இந்தியக் கல்லின் புதிரை அவிழ்க்க ஈழத்து ஏடு உதவியது.

அந்தக் கற்கள் பேசுவதைக் கேளுங்கள். அரண்மனை அடுக்களைக்கு நாள்தோறும் இலட்சக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டனவாம். இப்போது இரண்டு மயிலும் ஒரு மானும் மட்டுமே, அந்த மானும் எப்போதும் இல்லை, இனி இந்த மூன்றும் இல்லை என்கிறது முதலாவது பாறைக் கட்டளை. இரண்டாவது கட்டளை நம்மை நேரடியாகத் தொடுகிறது. மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம், மூலிகையும் கிழங்கும் கனியும் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுபோய் நடுதல், வழிநெடுகக் கிணறு, மரம் என்ற ஏற்பாடுகள் தன் நாட்டில் மட்டுமன்றி, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் தாம்பபண்ணியாகிய இலங்கையிலும் செய்யப்பட்டன என்று அது கூறுகிறது. முடிசூடி 26 ஆண்டுகளின் பின் வெட்டிய ஐந்தாவது தூண் கட்டளையில், கொல்லக்கூடாத உயிர்களின் பட்டியலே உண்டு. கிளியும் வெளவாலும் ஆமையும் அணிலும் அதில் அடங்கும். சினையான, பால் கொடுக்கும் ஆடுகளையும் ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளையும் கொல்லலாகாது. உயிர்கள் உள்ள உமியைக் கொளுத்தலாகாது. காரணமின்றியோ உயிர்களைக் கொல்லவோ காட்டுக்குத் தீ வைக்கலாகாது என்றெல்லாம் அது விதிக்கிறது.

அசோகனை நாம் வெறும் கருணைச் சிலையாக ஆக்கிவிடவும் கூடாது. கலிங்கப் போரில் ஓரிலட்சம் பேர் மாண்டதை எண்ணி வருந்திய அதே 13ஆவது பாறைக் கட்டளையில், காட்டில் வாழும் மக்களுக்கு அவன் விடுக்கும் எச்சரிக்கையும் இருக்கிறது. அதிகாரம் கையிலுள்ளவன் தன்னைக் காவலனாக நினைப்பது எளிதன்று. அதனாலேதான் அதைக் கல்லில் வெட்டிவைக்க வேண்டியிருந்தது போலும்.

விலங்குக்கும் அரசனிடம் உரிமை உண்டு என்ற எண்ணத்தை மகாவம்சம் வேறோர் இடத்திலே கதையாகவே சொல்கிறது. அதன் நாயகன் ஒரு தமிழ் மன்னன் என்பதுதான் சுவையான செய்தி. அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளனைப் பற்றி அதன் 21ஆம் அதிகாரம் பேசுகிறது. அவன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணி தொங்கியது. நீதி வேண்டுவோர் அதன் கயிற்றை இழுக்கலாம். இளவரசனின் தேர்ச்சில்லில் கன்று மாண்டபோது தாய்ப்பசு அதை இழுத்தது. மனுநீதிச் சோழனை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆனால் பலரும் மறந்துபோகும் பகுதி ஒன்று அடுத்து வருகிறது. தன் குஞ்சைப் பாம்பு விழுங்கிவிட்டதென்று ஒரு பறவையும் வந்து மணியை அடித்தது. அதற்கும் அரசன் நீதி வழங்கினான் என்கிறது நூல். அவன் பௌத்தன் அல்லன் என்பதை அறிந்தே அந்த நூலை யாத்த பிக்கு இவ்வாறு போற்றுகிறார். பசுவும் பறவையும் வழக்காளியாக வந்து நிற்கக்கூடிய சபைதான் நல்லரசன் சபை என்பதில் அவருக்கும் தமிழ் மரபுக்கும் வேறுபாடு இருக்கவில்லை.

அரச சபையிலிருந்து வயற்கரைக்கு வருவோம். பொலன்னறுவையில் 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, மழைநீரில் ஒரு துளிகூட மக்களுக்குப் பயன்படாமல் கடலைச் சேரக்கூடாது என்று கருதியவன். அது மனிதர் தேவையை முன்வைத்த கொள்கை. ஆனால் உலர்வலயக் கிராமத்தவர் தம் குளத்தை அமைத்துப் பேணிய முறையில் மற்ற உயிர்களின் பங்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. குளத்தின் மேற்புறத்தில் காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைக்கும் மரவரிசை. அதையடுத்து வண்டலை வடிக்கும் புற்றரை. அணைக்கட்டுக்கும் வயலுக்கும் இடையில் உவரை உறிஞ்சும் செடிகள் வளரும் ‘கட்டகடுவ’. இவற்றுக்கெல்லாம் மேலே காட்டுக்குள் ‘குளுவெவ’ என்னும் சிறுகுளம். இந்தச் சிறுகுளத்து நீர் வயலுக்குப் பாய்வதில்லை. அது வண்டலைத் தேக்கும். விலங்குகளின் தாகத்தைத் தீர்க்கும். வயலின் ஓரத்தில் ஒரு துண்டு விளைச்சலைப் பறவைகளுக்கென்றே விட்டு வைப்பார்கள். அதற்கு ‘குருலு பாலுவ’ என்று பெயர். தொடராக அமைந்த இக்குளங்களையும் அவற்றோடு இயைந்த கிராம வாழ்வையும் உலக உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றது. இவையெல்லாம் பௌத்தத்தால் மட்டுமே விளைந்தவை என்று நான் சொல்லவரவில்லை. வன்னியின் சைவக் கிராமங்களும் குளத்தை நம்பி, குளத்தைக் காத்தே வாழ்ந்தன. ஆயினும் ‘காவலன்’ என்ற சொல் வேரூன்ற ஏற்ற மண் இதுவே.

அந்தச் சொல் அண்மைக் காலத்தில் கடல் கடந்தும் ஒலித்தது. டன்யூப் ஆற்றின் அணைத்திட்டம் பற்றி ஹங்கேரியும் சிலோவாக்கியாவும் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்காடின. 1997ஆம் ஆண்டு அதன் தீர்ப்போடு தனிக் கருத்துரை எழுதிய இலங்கையர் நீதியரசர் கிறிஸ்டோபர் வீரமந்திரி, நம் குளங்களையும் மகிந்தரின் உபதேசத்தையும் சான்றாக எடுத்துக்காட்டினார். அபிவிருத்தியும் இயற்கைப் பேணலும் இணைந்து போகலாம் என்பதைப் பழைய நாகரிகங்கள் அறிந்திருந்தன என்பது அவர் வாதம்.

மூன்று ஆண்டுகள் கழித்து அந்தச் சொல் பிறந்த மண்ணுக்கே திரும்பி வந்தது. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971இல் பொசுபேற்றுப் படிவு கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டுக் கம்பனி ஒன்றோடு ஒப்பந்தம் செய்து அதைப் பெருமளவில் அகழ்ந்தெடுக்க அரசு முனைந்தது. படிவு சுமார் 30 ஆண்டுகளில் தீர்ந்துபோகும் நிலை. வயலும் வீடும் போகும். கலாவெவவிலிருந்து அநுராதபுரத்துத் திசாவெவவுக்கு நீர் கொண்டுசெல்லும் ஜய கங்கைக்கும் ஊறு நேரும். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் காலத்தில் வெட்டப்பட்ட 54 மைல் கால்வாய் அது. முதல் 17 மைலில் மைலுக்கு ஆறு அங்குலம் மட்டுமே சரிவு. அவ்வூர் மக்கள், தங்கள் விகாரைப் பிக்குவும் உடனிருக்க, உயர் நீதிமன்றம் போனார்கள். 2000ஆம் ஆண்டு யூன் மாதம் நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்க எழுதிய தீர்ப்பு, முழுமையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீட்டுக்கான அங்கீகாரமும் இன்றி அந்த ஒப்பந்தத்தைச் செய்யலாகாது என்றது. வீரமந்திரியின் கருத்துரையை எடுத்தாண்ட அத்தீர்ப்பு, மக்களின் வளங்களைப் பொறுத்தவரை அரசின் உறுப்புக்கள் காவலர்களே என்றும் கூறியது. மலையடியில் அரசனிடம் சொல்லப்பட்டதாக மக்கள் நம்பிவந்த சொல், அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும் சட்டச் சொல்லாயிற்று.

நேயர்களே, ஒரு வழக்கின் வெற்றியால் எல்லாம் நிறைவேறிவிட்டதாகக் கொள்ளவேண்டாம். பொசன் தோரணங்களில் மான்கள் நிற்கும் நாட்டிலேதான் காடுகள் வெட்டப்படுகின்றன. யானையும் மனிதனும் ஒருவரையொருவர் கொல்லும் அவலமும் நிகழ்கிறது. எழுதிவைத்த சொல் தானாக எதையும் காப்பதில்லை. எப்பாவல மக்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறியதனாலேதான் ஜய கங்கையின் கரை பிழைத்தது.

அடுத்த வாரம் அந்த மாணவனைக் கூப்பிட்டேன். “தம்பி, நீர் எழுதின வசனம் மகாவம்சத்திலை இல்லை” என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. பேனையை எடுத்து அந்த வரியை வெட்டப் போனான். “வெட்டாதையும்” என்று தடுத்தேன். மகாவம்சம் சொல்லும் சூத்திரத்தையும், கல்லிலே வெட்டிய கட்டளையையும், எல்லாளனிடம் வழக்குக்கு வந்த பறவையையும், எப்பாவல மக்களையும் முன்னாலே எழுதி, மக்கள் மரபிலே வந்தது என்ற குறிப்போடு அந்த வசனத்தைக் கடைசியிலே வைக்கச் சொன்னேன்.

அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: “அப்ப சேர், எங்கடை ஊர்க் குளத்துக்குக் காவலன் ஆர்?”

இந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை வகுப்பு மாணவர்களோடு குளக்கட்டுக்குப் போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.