கிறிஸ்துமஸ்: எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும், கொஞ்சம் சரித்திரத்தோடு

டிசம்பர் வந்தால் போதும், வகுப்பில் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "கேக் எப்போடா?" கேக் வரும், கவலை வேண்டாம். அதற்கு முன்னால் இந்தப் பண்டிகையில் எனக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத அது சரித்திரத்துக்குள் போய்விட்டது. பி.காம் படிப்பவனுக்குச் சரித்திரம் எதற்கு என்று கேட்காதீர்கள். வரவு, செலவு இரண்டும் எழுதினால்தானே கணக்கு!

முதலில் பிடிக்காதது. கடைகளில் பஞ்சை ஒட்டிப் பனி என்று வைக்கிறார்களே, அது. எங்கள் அஸ்தம்பட்டியிலிருந்துதான் ஏற்காடு ரோடு பிரிந்து மேலே போகிறது. மார்கழியில் மலையிலிருந்து குளிர்காற்று வரும், விடியற்காலையில் மூடுபனி இருக்கும். ஆனால் பனிக்கட்டி விழுந்து நான் பார்த்ததில்லை, என் அம்மாயியும் பார்த்ததில்லை. பிறகு ஏன் அந்தப் பஞ்சு?

விஷயம் என்னவென்றால், நாம் இன்று "கிறிஸ்துமஸ்" என்று நினைக்கும் பல அலங்காரங்கள் மிகச் சமீபத்தியவை. டிசம்பர் 25 என்ற தேதியே ரோமில் 336-ஆம் ஆண்டை ஒட்டிய பட்டியலில்தான் முதலில் தெரிகிறது. இங்கிலாந்தில் 1647-ல் பியூரிட்டன்கள் இந்தப் பண்டிகையையே தடை செய்தார்கள். 1660-ல் மன்னராட்சி திரும்பிய பிறகுதான் தடை நீங்கியது. வாழ்த்து அட்டை அச்சானதும் டிக்கன்ஸின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதை வெளிவந்ததும் ஒரே வருடம், 1843. விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் பத்திரிகையில் வந்தது 1848-ல். அதாவது பனியும் மரமும் சேர்ந்த கிறிஸ்துமஸ் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அதைத்தான் நாம் இன்னும் இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம்.

இனி பிடித்தது. நட்சத்திரம் கட்டுவது. அம்மா கச்சாயமும் முறுக்கும் சுட்டுத் தட்டில் வைத்துத் துண்டு போட்டு மூடி, தெருவில் எல்லா வீட்டுக்கும் என்னைக் கொடுத்தனுப்புவது. (தீபாவளிக்கு அதே தட்டு நிறைந்து திரும்பி வரும்.) எல்லாவற்றுக்கும் மேலாக, இரவில் வீடு வீடாகப் போகும் பஜனை ரவுண்ட்ஸ். இங்கிலீஷ் கேரல் இரண்டு பாடுவோம். ஆனால் ஆர்மோனியத்தோடு தமிழ்க் கீர்த்தனை ஆரம்பித்தால்தான் கதவைத் திறந்து ஆட்கள் வெளியே வருவார்கள்.

அந்தக் கீர்த்தனைகள் எங்கிருந்து வந்தன என்று தேடினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டு என்றால் முதலில் வரும் பெயர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). பாளையங்கோட்டையில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸிடம் தஞ்சாவூரில் வளர்ந்தவர். சரபோஜி மன்னருக்கு நண்பர். கோயில்களில் ஆடிய குறவஞ்சி வடிவத்தை எடுத்து 1800 வாக்கில் "பெத்லகேம் குறவஞ்சி" எழுதினார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற வானசாஸ்திரம் வரைக்கும் அதில் உண்டு!

சுவார்ட்ஸ் காலத்துக்குப் பிறகு வந்த இளம் மிஷனரிகளோடு அவருக்குத் தகராறு. பழைய பைபிள் மொழிபெயர்ப்பை மாற்றினார்கள், கல்யாணத்தில் பூ வேண்டாம் என்றார்கள், ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனை பாடக்கூடாது என்றார்கள். இதுவரை படித்தபோது நான் முழுக்க சாஸ்திரியார் கட்சி. ஆனால் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. ஆலயத்தில் வேளாளரும் தாழ்த்தப்பட்டவர்களும் தனித்தனியாக உட்காரும் வழக்கத்தை அந்த மிஷனரிகள் ஒழிக்கப் பார்த்தார்கள். சாஸ்திரியார் அதையும் எதிர்த்தார். 1829-ல் அதற்காகவே எழுதினார். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையே இருக்கக்கூடாது என்று உத்தரவு போட்டபோது பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினார்கள்.

நம்ம ஊர்ப் பக்கமும் இதே கதைதான். 1623-ல் ராபர்ட் தெ நோபிலி மதுரையிலிருந்து சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். காவி உடை, சைவச் சாப்பாடு, அருமையான தமிழ். உள்ளூர் வழியில் போனதால்தான் பெரிய மனிதர்கள் அவர் பேச்சைக் கேட்டார்கள். ஆனால் அதே காரணத்துக்காகத்தான் அவர் தாழ்த்தப்பட்ட மக்களிடமிருந்து விலகியே வாழ்ந்தார். அவர்களுக்காகத் தனியாகப் பண்டார சாமிகள் என்ற குருமார்கள் வந்தது 1640-ல்.

ஆக, கீர்த்தனையை வேண்டாம் என்றவர்கள் சமமாக உட்காரச் சொன்னார்கள். கீர்த்தனையைக் காப்பாற்றியவர் தனி இடம் கேட்டார். யார் பக்கம் நிற்பது?

இது இருநூறு வருடத்துக்கு முந்தைய பிரச்சினை என்று தள்ளிவிடலாம். ஆனால் எனக்குப் பதினைந்து வயதில் ஒரு ரவுண்ட்ஸ் நடந்தது. ஒரு தெருவில் பாடி முடித்ததும் அந்த வீட்டு அம்மா டம்ளர்களில் காபி கொண்டுவந்தார். எங்களோடு வந்த பெரியவர் ஒருவர், "வயிறு ஃபுல்லுங்க, நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டார். அவர் பின்னாலேயே எல்லோரும் கிளம்பினோம். அடுத்த தெருவில் அதே பெரியவர் இரண்டு டம்ளர் காபி குடித்தார். காபி கொடுத்த முதல் வீட்டுப் பையன் என் சிநேகிதன். அன்று நட்சத்திரக் கம்பைப் பிடித்து வந்தவன் அவன்தான். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவன் வரவில்லை. நானும் அந்தக் காபியைக் குடிக்கவில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

எனவே என் பிடிக்காத பட்டியலில் பஞ்சுப் பனி இப்போது முதலிடத்தில் இல்லை. அது வெறும் தமாஷ், யாரையும் புண்படுத்தாது. "நம்ம வழக்கம்" என்று சொல்லிக்கொண்டு நாம் பத்திரமாகத் தூக்கி வந்த இன்னொன்றுதான் பிடிக்கவில்லை.

அதற்காகக் கீர்த்தனையை விட முடியுமா? முடியாது. சாஸ்திரியார் பாட்டுகளையும் சேர்த்து எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மிஷனரி 1853-ல் தமிழ்க் கீர்த்தனைத் தொகுப்பு வெளியிட்டார். பிறகு அவை எல்லாச் சபைக்கும் போயின. அவர் பக்கத்தில் உட்கார விரும்பாதவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று அவற்றைத்தான் பாடுகிறார்கள். பாட்டு எழுதியவரை விடப் பெரியதாகிவிட்டது. எனக்கு அது போதும்.

இந்த வருடம் ரவுண்ட்ஸ் வீட்டு லிஸ்ட் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. என் சிநேகிதன் வீட்டைக் கடைசியாகப் போட்டிருக்கிறேன். கடைசி வீட்டில்தானே நிதானமாக உட்கார்ந்து காபி குடிக்க முடியும்? அவனிடமும் சொல்லிவிட்டேன். "பார்க்கலாம்" என்றான்.

உங்கள் வீட்டுப் பண்டிகையில் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன? யோசித்துப் பாருங்கள். கேக் கேட்டவர்கள் 26-ஆம் தேதி வீட்டுக்கு வரவும். கச்சாயமும் உண்டு :-)