ஷட்டர் இல்லாத லென்சுகளும் கடைசல் பட்டறைகளும்

1858ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டுகளை லின்னேயஸ் ட்ரைப் ஒளிப்படமாக்கினார். 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பெற்ற படை அதிகாரி அவர். 21 படங்களை அடுத்தடுத்து இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அதனை அமைத்தார். ஹுல்ச் என்னும் அறிஞர் அக்கல்வெட்டுகளை 1891 முதல் அச்சில் பதிப்பிக்கத் தொடங்கியதற்கு முப்பதாண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. இங்கு நாம் நோக்க வேண்டியது ஒன்றுண்டு: அந்தப் படங்களை எடுத்த கேமராவில் ஷட்டர் என்ற உறுப்பே கிடையாது.

அன்று ட்ரைப் கையாண்டது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். வெயிலில்கூட அதற்கு நிமிடக்கணக்கில் ஒளி வேண்டும். லென்சின் மூடியைக் கையால் கழற்றுவது, காலத்தை எண்ணுவது, மீண்டும் மூடுவது, அவ்வளவுதான். பித்தளைக் குழலுக்குள் கண்ணாடிகள் மட்டுமே அமைந்த இத்தகைய லென்சைப் பேரல் லென்ஸ் என்பர். நாம் அதனைக் குழல் லென்ஸ் என வழங்கலாம்.

ஷட்டரின் தேவையைப் பிறப்பித்தது வேதியியல். 1871இல் மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் உலர்தகட்டு முறையை அறிவித்தார். அடுத்த பத்தாண்டுகளில் அத்தகடுகள் கடைக்கு வந்தன. ஒளிபடும் காலம் நொடியின் சிறு பகுதியாகச் சுருங்கியது. அத்தனை விரைவாக மூடியைக் கழற்றி மாட்ட மனிதக் கையால் இயலாது. ஆகவே திரைச்சுருள் ஷட்டர்களும், ரப்பர் குமிழை அழுத்திக் காற்றால் இயக்கும் பேக்கார்டு ஷட்டர்களும் தோன்றின. 1912இல் மியூனிக் நகரின் டெக்கல் நிறுவனம் காம்பூர் ஷட்டரை வெளியிட்டது. பிற்காலத்தில் ஜப்பானின் கோப்பால் ஷட்டர்களே பெரிய வடிவக் கேமராக்களுக்குப் பொது அளவுகோலாயின.

ஆயினும் குழல் லென்சுகள் மறைந்துவிடவில்லை. நம் ஊர் ஸ்டூடியோக்களில் தேக்குமரக் கேமராவோடு அவை நெடுங்காலம் உழைத்தன. ஆலப்புழையில் கருணாகரன் என்பார் உருவாக்கிய வாகீசுவரி கேமராக்கள் தென்னகத்து ஸ்டூடியோக்களில் புகழ்பெற்றவை. அச்சகங்களிலும் இதே நிலைதான். படங்களை அச்சுக்கு ஏற்ப நெகட்டிவாக்கும் பெரிய கேமராக்களின் லென்சுகளுக்கு ஷட்டர் தேவைப்படவில்லை. விளக்கை ஏற்றி அணைப்பதே அங்கே ஷட்டர். கணினி வந்தபின் அக்கேமராக்கள் பழைய இரும்பாகக் கழிக்கப்பட்டன. அவற்றின் லென்சுகளோ இன்றும் கூர்மை குன்றாதவை.

இவற்றை ஷட்டரில் பொருத்த இருவழிகள் உள்ளன. முதல்வழி, முன் கண்ணாடித் தொகுதியையும் பின் தொகுதியையும் குழலிலிருந்து பிரித்து, ஷட்டரின் இருபுறமும் திருகுவது. இரண்டுக்கும் இடையே முன்பிருந்த தொலைவு சிறிதும் மாறலாகாது. மாறினால் படத்தின் ஓரங்கள் கெடும். ஒளித்துளையின் அளவுக்குறிகளையும் புதிதாகப் பொறிக்க வேண்டும். இரண்டாம் வழி, குழலைப் பிரிக்காமல், ஒரு வளையம் கடைந்து ஷட்டரின் முன்னே முழுதாக மாட்டுவது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் எஸ்.கே. கிரைம்ஸ் என்னும் பட்டறை இவ்வேலைக்கே பேர்பெற்றது.

எல்லா லென்சுக்கும் இது கைகூடுமா? கூடாது. கோப்பால் 0, 1, 3 ஆகியவற்றின் திறப்பு முறையே 24, 30, 45 மில்லிமீட்டர். 1840இல் பெட்ஸ்வால் வகுத்த வகையைச் சேர்ந்த உருவப்பட லென்ஸ் ஒன்று 300 மில்லிமீட்டர் குவியத்தொலைவும் எஃப்/4 அளவும் உடையது எனக் கொள்வோம். 300ஐ நான்கால் வகுத்தால் 75. முழுத்திறப்பில் அத்தனை அகன்ற ஒளிக்கற்றை 45 மில்லிமீட்டர் வாயிலில் நுழையாது. அத்தகையவற்றுக்குப் பின்புறம் பேக்கார்டு ஷட்டரை வைப்பதே தகும். அன்றேல், ட்ரைப்பின் மூடியே போதும்.

இனி, திருப்பெரும்புதூருக்கு வருவோம். இராமானுசர் பிறந்த அவ்வூரில் 1998இல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006 முதல் 2014 வரை நோக்கியா கைப்பேசிகள் அங்கு உருவாயின. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. இன்று அவ்வட்டாரத்தில் ஐபோன்கள் பொருத்தப்படுகின்றன. கைப்பேசிக் கேமராவிலும் அசையும் ஷட்டர் இல்லை. உணரியின் வரிகளை மின்னணு முறையில் அடுத்தடுத்துப் படிப்பதே அதன் ஷட்டர். ட்ரைப்பின் கருவியில் இல்லாத உறுப்பு இதிலும் இல்லை என்பது வரலாற்றின் விந்தை.

வாகன உதிரிப்பாகத் தொழில் வளர்ந்த இடத்தில் கடைசல் தொழிலும் வளரும். பித்தளையிலோ அலுமினியத்திலோ நுண்ணிய மரை வெட்டி ஒரு வளையம் கடைவது தேர்ந்த லேத் தொழிலாளிக்கு அரிய வேலையன்று. கல்வெட்டைப் படமாக்கிய காலத்துக் கருவிக்கு உயிரூட்டும் திறன், கார் உறுப்பு கடையும் கைகளில் இருக்கிறது. அக்கைகளைத் தேடிச் செல்வார்தாம் இல்லை.

எந்த வழி சிறந்தது? இரண்டாம் வழியே என்பது நம் துணிபு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய பின்னும் ஏடுகளின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. அச்சு ஐயத்துக்கிடமாகும்போது ஏட்டுக்கே திரும்புகிறோம். பழைய குழலும் ஓர் ஏடு போன்றதே. செய்தவர் பெயரும், அளவுக்குறிகளும், கையாண்டோரின் தேய்மானமும் அதில் எழுதப்பட்டுள்ளன. அதனை அறுத்துவிட்டால் மீண்டும் எழுத இயலாது. வளையத்தைக் கழற்றினால் லென்ஸ் முன்போலவே நிற்க வேண்டும்.

மூடப்பட்ட ஸ்டூடியோக்களின் பரண்களில் இத்தகைய லென்சுகள் கிடக்கின்றன. பித்தளை எடைக்கு அவை விலைபோகின்றன. எடைபோடும் முன் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்து ஒளியை நோக்கிப் பிடித்துப் பார்ப்பது நன்று. ஒரு வளையத்தின் செலவில் அது இன்னும் ஒரு தலைமுறை பார்க்கும்.