கப்பலேறி வந்த கதவு



சென்னை மயிலாப்பூரில் பழைய வீட்டை இடித்தால், கதவும் நிலையும் வாங்க ஆள் வந்து நிற்பார். ஏன் தெரியுமா? பல வீடுகளில் அது பர்மாத் தேக்கு.

வெள்ளைக்காரன் 1852-இல் கீழ் பர்மாவையும், 1885-இல் மேல் பர்மாவையும் பிடித்தான். 1885 சண்டைக்குச் சாக்கே, தேக்கு வெட்டின கம்பெனிக்கு அந்நாட்டு அரசு போட்ட அபராதம்தான்! ஐராவதி ஆற்றில் மிதந்து ரங்கூன் சேர்ந்த மரம், அங்கிருந்து கப்பலேறிச் சென்னை வந்தது. 2014-இல் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் பாட்டன் காலத்துத் தேக்குக் கதவு இருக்கலாம். கறுத்துப் போச்சே என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். கறுப்பெல்லாம் மேலேதான், உள்ளே மரம் அப்படியே இருக்கும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளுக்கு விஷம். அதனால் தண்ணீர் தொட்டு நனைத்தே சுரண்டுங்கள். பெயிண்ட் முழுக்கப் போய், மரம் காய்ந்தபின், ரேகை ஓடும் வாக்கில் உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேயுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவையுங்கள்.

சாயம் எதற்கு? தேக்கின் நிறமே போதுமுங்க.