நைற்கரை மகளிரும் முருங்கை விதையும்

வேலியோரத்திலே கதியால்களுக்கிடையில் தானே தழைத்து, கறிக்கு வேண்டியபோதன்றி எவராலும் ஏறெடுத்துப் பார்க்கப்படாத மரம் முருங்கை. காயும் இலையும் பூவும் நம் அடுக்களைக்கு உரியன. முற்றிக் காய்ந்த விதையோ பெரும்பாலும் மரத்தடியிலேயே சிந்திப் போகின்றது. இவ்விதையின் வரலாறு விஞ்ஞான உலகின் கவனத்தை ஈர்த்தது தமிழ் நிலத்திலன்று, சூடானிலேயாகும்.

ஐரோப்பியர் இம்மரத்தை முன்னரே அறிந்திருந்தனர். 'மொறிங்கா' என்னும் பேரினப் பெயர் நமது முருங்கை என்ற சொல்லடியாகப் பிறந்ததே. 1785ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லமார்க் அதனோடு 'ஒலிபெரா' என்ற அடைமொழியைச் சேர்த்தார். எண்ணெய் தருவது என்பது அதன் பொருள். விதையிலே அவர்கள் கண்ட பயன் எண்ணெய் ஒன்றே என்பதற்கு அப்பெயரே சான்று.

எத்தியோப்பிய மலைகளில் மழை பொழியும் மாதங்களில் நீல நைல் செம்மண்ணையும் வண்டலையும் அள்ளிக்கொண்டு சூடானுள் இறங்குகின்றது. கரையோரக் கிராமத்துப் பெண்கள் அந்நீரையே குடங்களில் முகந்து குடிநீராக்க வேண்டியவராயினர். ஆற்றங்கரைகளில் அகழ்ந்தெடுத்த ஒருவகைக் களிமண்ணைக் கரைத்துவிட்டு, கலங்கல் அடியில் தங்கும்வரை காத்திருப்பது அவர்களது பழைய முறை. அக்களிமண்ணை 'ரவ்வாக்', அதாவது தெளிவிப்பது, என அழைத்தனர். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்து நடப்பட்ட முருங்கை அவர்கள் கைக்கு எட்டியபோது, அதன் விதையையும் அவ்வாறே பயன்படுத்தத் தலைப்பட்டனர். 'தெளிவிக்கும் மரம்' என்று பொருள்படும் பெயரையும் அதற்கு இட்டனர். தமிழர் மரபில் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது தேற்றாங்கொட்டை. குடத்தின் உட்புறத்தில் அதனை உரைத்து நீரூற்றும் வழக்கம் மிகப் பழையது. சூடானியப் பெண்களோ வேற்றுநாட்டு மரமொன்றின் விதையில் இதே குணத்தைத் தம் அனுபவத்தாற் கண்டறிந்தனர்.

கார்ட்டூமில் பணியாற்றிய ஜேர்மன் ஆய்வாளர் சாமியா அல் அசாரியா யான், 1970களில் இப்பழக்கத்தை ஆய்வுக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டார். சூடானிய நுண்ணுயிரியலாளர் ஹமீட் டிராருடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை 1979இல் வெளிவந்தது. 1981இல் வெப்பமண்டல நாடுகளின் மரபுவழி நீர்த் தூய்மையாக்கம் பற்றிய அவரது நூலும் வெளியாயிற்று. முருங்கை விதையின் இக்குணத்தை யான் 'கண்டுபிடித்தார்' எனச் சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. அவர் செய்தது அளந்தறிந்து நிறுவியது. அதுவும் சிறிய பணியன்று. எத்தனை விதை, எவ்வளவு நீர், எத்தனை நிமிடம் என்பன வரையறுக்கப்படாதவரை ஓர் ஊரின் வழக்கம் மறு ஊருக்குச் செல்லாது.

முறை எளிது. உலர்ந்த விதையின் தோலை நீக்கி, பருப்பை இடித்துப் பொடியாக்கி, சிறிது சுத்தமான நீரிற் கரைத்துத் துணியால் வடித்தல் வேண்டும். பால்போன்ற அச்சாற்றைக் கலங்கல் நீரில் விட்டு, முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரமளவில் அசையாது வைக்க நீர் தெளியும். கலங்கல் மிகுந்த நீருக்கு லீற்றருக்கு ஒன்றிரண்டு விதை போதுமானது. நீரில் மிதக்கும் களித்துணிக்கைகள் எதிரேற்றம் கொண்டவை. ஆதலால் ஒன்றையொன்று தள்ளி, படியாது நிற்கின்றன. விதையிலுள்ள நேரேற்றப் புரதங்கள் அவற்றைப் பற்றித் திரளச் செய்கின்றன. 1995இல் கசன்சிமிட் முதலானோர் 60 அமினோ அமிலங்களைக் கொண்ட அத்தகைய புரதமொன்றைப் பிரித்தெடுத்துக் காட்டினர். எண்ணெய் பிழிந்தெடுத்த பிண்ணாக்கிலும் இவ்வாற்றல் குன்றாதிருப்பது கவனிக்கத்தக்கது. லமார்க் கண்ட பயனும் நைற்கரைப் பெண்கள் கண்ட பயனும் ஒரே விதையில் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்கின்றன.

மலாவியின் தியோலோ என்னுமிடத்தில், லெஸ்ரர் பல்கலைக்கழகத்தார் 1990களின் தொடக்கத்தில் ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்திலேயே இதனைப் பரீட்சித்தனர். 270 முதல் 380 அலகு வரையிருந்த கலங்கல் 4 அலகுக்குக் கீழ் இறங்கியது. படிகாரத்துக்கு நிகரான பயன் எனலாம். படிகாரத்தைப் போன்று இது நீரின் அமிலத்தன்மையை மாற்றுவதுமில்லை. அந்நியச் செலாவணி கொடுத்துப் படிகாரத்தை இறக்குமதி செய்யும் வறிய நாடுகளுக்கு இஃது எத்துணை பெரிய செய்தி என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனினும் விதையைப் போற்றுவோர் பலர் சொல்லாது விடும் குறையொன்றுண்டு. தெளிந்த நீரில் பற்றீரியாக்கள் பெருமளவு குறைவது மெய்யே. ஆயினும் முற்றாக ஒழிவதில்லை. 1987இல் மட்சன் முதலானோர் வெளியிட்ட ஆய்வு, முதலிற் குறைந்த பற்றீரியாக்கள் ஒரு நாளுக்குள் மீண்டும் பெருகக்கூடும் எனக் காட்டியது. புரதத்தோடு நீரிற் கலந்துவிடும் ஏனைய சேதனப் பொருட்கள் நுண்ணுயிர்களுக்கு உணவாவதும் இதற்குத் துணைபோகின்றது. ஆகவே, தெளிந்த நீர் தூய நீர் என்று கொள்வது ஆபத்தானது. கொதிக்கவைத்தலோ வேறு கிருமிநீக்கமோ வேண்டியதே. நாட்கணக்கில் நீரைத் தேக்கி விநியோகிக்கும் நகரங்கள் படிகாரத்தைக் கைவிடத் தயங்குவதில் நியாயமும் உண்டு.

2012இல் அமெரிக்காவின் பென்சில்வேனிய அரச பல்கலைக்கழக ஆய்வாளர் இக்குறைக்கு ஒரு வழி கண்டு வெளியிட்டனர். விதைச் சாற்றை மணலோடு கலக்க, நேரேற்றப் புரதம் மணலிற் பற்றிக்கொள்ளும். எஞ்சிய சேதனப் பொருட்களைக் கழுவி அகற்றிவிடலாம். பின்னர் அம்மணலே கலங்கலைப் பற்றும். களிமண்ணையும் விதையையும் மாறி மாறிக் குடத்திலிட்டுப் பழகிய பெண்களுக்கு இது முற்றிலும் அந்நியமான செய்தியாகத் தோன்றியிராது.