பேர் ஒருத்தருக்கு, நெலம் யாருக்கு?

நெலம் கெடச்சா மட்டும் போதுமா? பட்டாவுல என்ன எழுதியிருக்குன்னு பார்க்க வேணாமா? கிழக்கு ஜெர்மனியின் கூலிக்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும் பட்ட பாடு எழுப்பும் கேள்வி இது.

1945 செப்டம்பர். இட்லர் ஒழிந்து நான்கு மாதம். சோவியத் படை வசமிருந்த பகுதியில் 100 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 250 ஏக்கருக்கு மேல், வைத்திருந்த பண்ணைகள் நஷ்டஈடு இல்லாமல் பறிக்கப்பட்டன. ‘யுங்கர்’ எனப்பட்ட பெரும் பண்ணையார்களின் காலம் அங்கே முடிந்தது. சுமார் 33 லட்சம் ஹெக்டேர் நிலம் பொது நிதியத்தில் சேர்ந்தது. கூலிகள், சிறு விவசாயிகள், கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த அகதிகள் என 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் பங்கு பெற்றார்கள். தலைமுறை தலைமுறையாய்ப் பண்ணையில் குனிந்து நின்றவன் பேரில் நிலம் பதிவானது. இது சின்ன விஷயமல்ல.

ஆனால் நிபந்தனை இருந்தது. விற்கக் கூடாது, பிரிக்கக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது. உழாவிட்டால் நிலம் நிதியத்துக்கே திரும்பும். 1952இல் கூட்டுப் பண்ணை வந்தது. 1960க்குள் மிரட்டியும் நெருக்கியும் ஏறக்குறைய எல்லோரையும் சேர்த்துவிட்டார்கள். பதிவேட்டில் பேரு இவனுது, வரப்பு அவங்களுது. உழுதவர் செத்தபோது பிள்ளை பட்டணத்தில் ஆலை வேலையில் இருந்தால், விதிப்படி அதிகாரிகள் நிலத்தைத் திரும்ப எடுத்திருக்க வேண்டும். பல இடங்களில் எடுக்கவில்லை. பேர் அப்படியே கிடந்தது.

1989இல் சுவர் விழுந்தது. 1990 மார்ச் 6இல் மோட்ரோ அரசு கொண்டுவந்த சட்டம் அந்த நிபந்தனைகளை நீக்கியது. வாரிசுகள், ‘இனி இது நம்ம நெலம்’ என்று நம்பினார்கள்.

நம்பிக்கை இரண்டு வருஷம் நீடித்தது. ஒன்றிணைந்த ஜெர்மனி 1992இல் போட்ட சட்டம் வேறு கதை சொன்னது. 1990 மார்ச் 15 அன்று விவசாயம் சார்ந்த தொழிலில் இல்லாத வாரிசுகள், சில விலக்குகள் நீங்கலாக, நிலத்தை அரசு கருவூலத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நஷ்டஈடு கிடையாது.

ஐந்து வாரிசுகள் ஸ்ட்ராஸ்பர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2004 ஜனவரியில் ஜெயித்தார்கள். 2005 ஜூன் 30இல் பெரிய அமர்வு 11க்கு 6 என்று தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. மோட்ரோ சட்டத்தால் வாரிசுகளுக்குத் தகுதியில்லாத ஆதாயம் கிடைத்தது, இணைப்புக் காலம் அசாதாரணமானது, ஆகவே நஷ்டஈடு தராதது தவறல்ல என்றது.

இந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். விதிப்படி நிலத்தைத் திரும்பக் கொடுத்த குடும்பத்துக்கு ஒன்றுமில்லை, அதிகாரி அசந்த இடத்தில் மட்டும் சொத்தா என்று கேட்கலாம். சரி, உழாதவனுக்கு நெலம் வேணாம். அப்போ உழுறவனுக்குத்தானே போயிருக்கணும்? கருவூலத்துக்கு ஏன் போச்சு?

பழைய பண்ணையார்களைப் பாருங்கள். 1945-49 பறிமுதலைத் திருப்ப முடியாது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் 1991இல் சொன்னது உண்மைதான். ஆனால் 1994இல் அவர்களுக்கு ஈட்டுத்தொகையும், அரசு நிலத்தைச் சலுகை விலையில் வாங்கும் உரிமையும் சட்டமாயின. சந்தை விலைக்கு ரொம்பக் கீழேதான் அந்தத் தொகை. அவர்களும் வழக்காடித் தோற்றார்கள். ஆனாலும் பண்ணையார் வாரிசுக்குக் கொஞ்சமாவது. கூலிக்காரன் வாரிசுக்குச் சைபர்.

இன்னொன்றும் நடந்தது. அரசு உரிமை கோருவதற்கான கெடு 2000 அக்டோபரில் முடிய இருந்தது. அதற்குள் பிராண்டன்பர்க் மாநில அரசு, ‘வாரிசு தெரியவில்லை’ என்று ஏறத்தாழ 10,000 நிலங்களுக்குத் தன்னையே வாரிசுகளின் பிரதிநிதியாக்கி, தன் பேருக்கே எழுதிக்கொண்டது. 2007 டிசம்பரில் ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் இதை ஒழுக்கக்கேடு என்றே கண்டித்தது. அதன் பிறகுதான் வாரிசுகளைத் தேட ஆரம்பித்தார்கள்.

பொது நிலம் என்கிறோம். அந்தப் ‘பொது’ யார்? கட்சி ஆண்டபோதும் உழைத்தவன் கையில் இல்லை. சந்தை வந்தபோதும் இல்லை. நிபந்தனையோடு கொடுத்த நிலத்தில், அந்த நிபந்தனையின் சாவி எப்போதும் கொடுத்தவன் இடுப்பில்தான் தொங்குகிறது.